எட்ட நிற்பதா, கிட்டப் போவதா?

கேமரா வாங்கியாயிற்று, முதல் லென்ஸ் எது? வேலூர், ஆம்பூர் வட்டாரத்துப் புதிய புகைப்படக்காரர்களுக்கு ஒரு யோசனை

வேலூரை நடுவில் வைத்துப் பாலாற்றங்கரையோடு கிழக்கே மேல்விஷாரம், ராணிப்பேட்டை வரையிலும், மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி வரையிலும் தோலையும் காலணியையும் நம்பி வாழும் இந்த வட்டாரத்தில் கேமரா இன்று செல்வர் வீட்டு அலங்காரப் பொருளாக இல்லை. தொழிற்சாலையின் சாம்பிள் அறையில் புது மாடல் ஷூவைப் படமெடுத்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய இளைஞர், முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபத்துக்குத் துணைப் புகைப்படக்காரராகப் போய் நாலு காசு பார்க்கும் கல்லூரி மாணவர், ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ பறவைகளைத் தேடி ஏறும் வங்கி ஊழியர் என்று பல தரத்தாரும் அதைக் கையிலெடுத்திருக்கிறார்கள். பெட்டியில் கேமராவோடு சேர்ந்து வந்த ‘கிட்’ லென்ஸில் ஓரளவு கை பழகியதும் இவர்கள் அனைவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்? கடைக்காரர் ஓர் எண்ணைச் சொல்கிறார். சிநேகிதர் வேறோர் எண்ணைச் சொல்கிறார். யூட்யூபில் பேசுகிறவர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறார். கேட்டவர் ஒன்றும் விளங்காமல், விலை எதற்கு அதிகமோ அதுவே சிரேஷ்டம் என்ற சுலபமான முடிவுக்கு வந்துவிடுகிறார்.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் காரணம், முதலில் கேட்க வேண்டிய கேள்வியை நாம் கேட்காமல் விடுவதுதான். எதைப் படமெடுக்கப் போகிறோம், அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கப் போகிறோம், அங்கே வெளிச்சம் எவ்வளவு இருக்கும் என்ற மூன்றையும் ஒருவர் தமக்குள்ளே தீர்மானித்துக்கொண்டாரானால், எந்த லென்ஸ் என்பது பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும். இம்மூன்றிலும் தூரமே தலையாயது. அதை விளக்குவதற்கு வேண்டிய திருஷ்டாந்தங்கள் யாவும் நம் பழைய வட ஆற்காடு ஜில்லாவுக்குள்ளேயே இருக்கின்றன.

காவலூர் சொல்லும் கணக்கு

லென்ஸின் விளிம்பில் பொறித்திருக்கும் எண்களில் முக்கியமானவை இரண்டே. முதலாவது, மில்லிமீட்டரில் சொல்லப்படும் குவியத் தூரம். இந்த எண் பெருகப் பெருக, அதே இடத்தில் நின்று பார்க்கும் பொருளின் பிம்பம் பெரிதாகும். படத்தில் அடங்கும் காட்சியின் அகலமோ அதே விகிதத்தில் குறுகும். இரண்டாவது எஃப் எண்; குவியத் தூரத்தை, ஒளி நுழையும் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வரும் ஈவு அது. 50 மி.மீ. லென்ஸின் துவாரம் 25 மி.மீ. அகலத்துக்குத் திறந்திருந்தால் அது எஃப் 2; அதே துவாரத்தை ஆறே கால் மி.மீ. ஆகச் சுருக்கினால் எஃப் 8. எண் பெரிதானால் துவாரம் சிறிது என்னும் இந்தத் தலைகீழ் வழக்கே புதியவர்களை முதலில் மருட்டுகிறது. வகுத்தல் கணக்கு என்று தெரிந்துவிட்டால் மருட்சி தீர்ந்துவிடும்.

இந்தக் கணக்கு பிரம்மாண்டமான அளவில் நடப்பதைக் காண, ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலையிலுள்ள காவலூரை நினைத்துக்கொண்டால் போதும். மாணவராக ஹார்வர்டில் இருந்த காலத்தில், 1949-ஆம் ஆண்டில், புகைப்படத் தகடு ஒன்றிலே புதிய வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர் வைணு பாப்பு; அவர் பெயரைத் தாங்கிய வானாய்வகம் அங்கே இருக்கிறது. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்த அதன் பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் விட்டமுள்ளது. அது லென்ஸன்று, ஒளியைத் திருப்பிக் குவிக்கும் ஆடிதான். ஆயினும் கணக்கு ஒன்றே. ஒளியை நேரே முதற்குவியத்தில் சேர்க்கும்போது அது எஃப் 3.25, அதாவது குவியத் தூரம் சுமார் 7.6 மீட்டர். இரண்டாவது ஆடி ஒன்றைக் குறுக்கே வைத்து ஒளியை மடக்கிக் கீழே அனுப்பினால் அதே கருவி எஃப் 13 ஆகிறது. குவியத் தூரம் 30 மீட்டராக உயர்கிறது. பிம்பம் நான்கு மடங்கு அகலமாகும். ஆனால் உள்ளே வந்த ஒளி அதேதானே, அது பதினாறு மடங்கு பரப்பில் விரிந்துபோவதால் பிம்பம் அந்த அளவுக்கு மங்கும்.

பெரிதாக்க விரும்பினால் ஒளியை இழக்க வேண்டும், ஒளியும் வேண்டுமென்றால் கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்க வேண்டும், விட்டம் பெருகினால் எடையும் விலையும் ஏறும் என்ற இந்தப் பேரம், நட்சத்திரங்களை ஆராயும் விஞ்ஞானிக்கும் நம் தோளில் தொங்கும் சிறு கேமராவுக்கும் பொதுவானது. காவலூரில் 1972 முதல் இயங்கும் ஒரு மீட்டர் தொலைநோக்கியைச் செய்த கார்ல் ஸைஸ் நிறுவனம்தான் 1902-இல் டெஸ்ஸார் என்னும் பிரசித்தமான கேமரா லென்ஸையும் உலகுக்கு அளித்தது என்பதை நினைத்தால், இரண்டு துறைகளுக்கும் உள்ள உறவு புரியும். பறவைகளுக்கான நீண்ட லென்ஸ்களில் எஃப் 2.8 உள்ளவை ஏன் லட்சக்கணக்கில் விலை பேசுகின்றன என்பதற்கும் இதுவே சமாதானம்.

ஷூவின் மூக்கு

இனி ஆம்பூருக்கு வருவோம். முப்பது செ.மீ. நீளமுள்ள ஆண்கள் ஷூ ஒன்று மேஜைமேல் மூக்கை நம் பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கிறது. கிட் லென்ஸை 18 மி.மீ. என்ற இடத்தில் வைத்துக்கொண்டு, ஷூ படம் முழுவதையும் நிறைக்க வேண்டும் என்ற ஆசையில், மூக்குக்கு முப்பது செ.மீ. அருகே போய்ப் படமெடுக்கிறோம். அப்போது மூக்கு இருப்பது 30 செ.மீ. தூரத்தில், குதிகால் இருப்பது 60 செ.மீ. தூரத்தில். ஆகவே படத்தில் மூக்குப் பகுதி தன் இயல்பான விகிதத்தைப்போல் இரு மடங்கு ஊதியும், குதிகால் சிறுத்தும் தோன்றும். அதே ஷூவிலிருந்து ஒன்றரை மீட்டர் பின்வாங்கி, லென்ஸை 55 மி.மீ. என்ற இடத்துக்குத் திருப்பி எடுத்தால், மூக்கு 150, குதிகால் 180. வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்து, ஷூ தன் உண்மையான உருவத்தில் நிற்கும். முதற்படத்தைப் பார்க்கும் வாடிக்கையாளர், ஷூவைத் தைத்த ‘லாஸ்ட்’ கட்டையே கோணல் என்று சந்தேகித்தால் அவரைக் குறைசொல்ல முடியாது.

இங்கே கவனிக்க வேண்டியது, உருவத்தைத் திரித்தது 18 மி.மீ. லென்ஸ் அன்று என்பதே. திரித்தது தூரம். அந்த லென்ஸ் செய்ததெல்லாம் நம்மை அருகே போகத் தூண்டியது மட்டுந்தான். விரிகோண லென்ஸால் முகம் கோணிப்போகிறது, நீண்ட லென்ஸால் முகம் அழகாகிறது என்று ஸ்டூடியோக்களில் சொல்வதுண்டு. உண்மையில் முகத்துக்கு அழகு தருவது இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் மரியாதையான இடைவெளியே. அந்த இடைவெளியில் முகம் படத்தை நிறைக்குமாறு செய்வதுதான் லென்ஸின் வேலை.

மேலும் சாம்பிள் அறைக்காரருக்கு எஃப் 1.8 போன்ற பெரிய துவாரத்தால் பிரயோஜனமே இல்லை. அவ்வளவு திறந்த துவாரத்தில் இவ்வளவு நெருக்கத்தில் எடுத்தால் மூக்கின் தையல் தெளிவாகவும், குதிகால் புகைபோலவும் விழும். அவர் துவாரத்தை எஃப் 11 வரை சுருக்க வேண்டும்; அதனால் குறையும் வெளிச்சத்தை ஈடுசெய்ய ஷட்டரை அரை விநாடி வரை திறந்து வைக்க வேண்டும்; ஷூ அசையாது, கேமரா அசையாமலிருக்க முக்காலி வேண்டும். ஜன்னலோரம் ஒரு மேஜை, ஜன்னலுக்கு ஒரு வெள்ளை வேட்டித் திரை, எதிர்ப்பக்கம் நிழலை நீக்க ஒரு தெர்மோகோல் பலகை, உறுதியான ஒரு முக்காலி ஆகியவை இருந்தால் கிட் லென்ஸே காட்லாக் படம் தரும். எனவே இவர் வாங்க வேண்டிய முதல் லென்ஸ், லென்ஸே அன்று, முக்காலி.

பத்தடி அறையில் எத்தனை பேர்?

கல்யாண வீட்டுக்கும் நிக்காஹ் வீட்டுக்கும் போகிறவரின் நிலை வேறு. அவருக்கு ‘ஐம்பது எஃப் 1.8 வாங்கு’ என்று எல்லோரும் உபதேசம் செய்வார்கள். நல்ல உபதேசம்தான், ஆனால் அது எந்த சென்சாருக்கு என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். 50 மி.மீ. என்பது ஃபிலிம் காலத்துப் பிரமாணம். ஃபிலிமில் ஒரு படத்தின் அகலம் 36 மி.மீ. ஆனால் புதியவர்கள் வாங்கும் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் சென்சார் ஏ.பி.எஸ்.-சி என்னும் சிறிய வகை. அகலம் சுமார் 23.5 மி.மீ., கேனானில் இன்னும் சற்றுக் குறைவு. சென்சார் சிறிதாகையால் அதே லென்ஸின் காட்சி ஓரங்கள் வெட்டுண்டு குறுகிவிடும்.

இதற்கு ஒரு சுலபமான சூத்திரம் உண்டு. நிற்கும் தூரத்தைச் சென்சாரின் அகலத்தால் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால், படத்தில் அடங்கும் காட்சியின் அகலம் கிடைக்கும். வீட்டுக் கூடத்தில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் மூன்று மீட்டர்தான், அதாவது பத்தடிதான், கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிய சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ் காட்டுவது 1.4 மீட்டர் அகலம். மணமக்கள் இருவரோடு சரி. 35 மி.மீ. லென்ஸ் இரண்டு மீட்டர் காட்டும், பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளலாம். 18 மி.மீ. ஏறக்குறைய நான்கு மீட்டர் காட்டும். பெரியப்பா, சித்தி, அத்தை, மாமா என்று குடும்பமே அடங்கும். பெரிய மண்டபத்தில் மேடைக்குக் கீழே ஆறு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 50 மி.மீ. சௌகரியமானது, வீட்டுக்குள் அதே லென்ஸ் அவரைச் சுவரில் முட்டிக்கொள்ள வைக்கும். கடைக்குப் போகுமுன் ஒரு டேப்பும் ஒரு காகிதமும் எடுத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

வெளிச்சத்தின் கணக்கும் இவருக்கு முக்கியம். எஃப் எண்களின் வரிசை 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும். ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகும். கிட் லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டினால் அதன் துவாரம் எஃப் 5.6-க்குமேல் திறக்காது. எஃப் 1.8 அதைவிட ஒன்பதரை மடங்கு ஒளியை உள்ளே விடும். விடியற்காலை முகூர்த்தத்தில் கிட் லென்ஸ் ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் கேட்கிற இடத்தில், இது நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கேட்கும். தாலி கட்டும் கை கலங்காமல் பதியும். கிட் லென்ஸிலேயே ஆட்டம் தடுக்கும் வசதி இருக்கிறதே என்பார் சிலர். அது நம் கையின் நடுக்கத்தைத் தடுக்குமே தவிர, எதிரே இருப்பவரின் அசைவைத் தடுக்காது. டேனரியின் மங்கிய கொட்டகையில் சுழலும் மர டிரம்களுக்கு நடுவே வேலை செய்யும் ஆட்களைப் படமெடுக்க நினைப்பவருக்கும் இதே நியாயந்தான்.

அப்படியானால் 50 ஏன் மலிவு, 35 ஏன் சற்று அதிக விலை? 1896-இல் பால் ருடால்ஃப் ஸைஸ் நிறுவனத்துக்காக வகுத்த பிளானார் என்னும் அமைப்பின் வழிவந்த, ஆறேழு கண்ணாடித் துண்டுகளில் முடியும் எளிய கட்டுமானம் 50-க்குப் போதுமானது. எஸ்.எல்.ஆர். கேமராவினுள் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே அசையும் கண்ணாடி ஒன்று இருப்பதால், குறைந்த குவியத் தூரமுள்ள லென்ஸ்களுக்கு ஒளியைப் பின்னே தள்ளிக் குவிக்கும் கூடுதல் துண்டுகள் தேவைப்படுகின்றன. விலை வித்தியாசம் பெரும்பாலும் இந்தக் கட்டுமானத்திலிருந்து பிறந்ததே, தரத்தின் அடையாளமன்று.

தோலின் முகத்தருகே

இவ்வட்டாரத்துக்கே உரிய இன்னொரு தேவை உண்டு. தோல் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு அதன் மேல்முகமே ஜாதகம். ஆட்டுத் தோலில் ரோமக்கால்கள் சிறு சிறு வரிசைகளாக நிற்கும். கன்றுத் தோலில் நுண்ணியதாக, சீராகப் பரவியிருக்கும். எருமைத் தோலில் பரும்படியாகத் தெரியும். இதைப் படத்தில் காட்ட, கேமராவின் தலையிலுள்ள ஃபிளாஷைப் போட்டால் எல்லாம் வெளுத்துத் தட்டையாகிவிடும். தோலை மேஜைமேல் விரித்து, விளக்கைப் பக்கவாட்டில், ஏறக்குறைய மேஜை மட்டத்துக்கே தாழ்த்தி வைத்தால், ஒவ்வொரு ரோமக்குழியும் தன் நிழலைத் தானே வரைந்துகொள்ளும். கத்திக் கீறலும் உண்ணிக் கடியின் வடுவும்கூட மறைய முடியாது.

கிட் லென்ஸ் எவ்வளவு நெருங்கினாலும் ஆறேழு செ.மீ. அகலத்துக்குக் குறைந்து காட்டுவது அரிது. மேக்ரோ லென்ஸ் பிம்பத்தை அசலின் அளவிலேயே விழச் செய்யும்; சிறிய சென்சாரில் அப்போது படத்தை நிறைப்பது ஓர் அங்குலத்துக்கும் குறைந்த தோல். அதற்கு உடனே பணம் செலவிட வேண்டிய அவசியமில்லை. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்ற கண்ணாடியே இல்லாத வெற்று வளையத்தை 25 மி.மீ. நீளத்தில் வாங்கி 50 மி.மீ. லென்ஸோடு சேர்த்தால், அசலில் பாதி அளவுக்குக் குறையாத பிம்பம் கிடைக்கும். அது போதவில்லை என்று அனுபவத்தில் கண்டபின் மேக்ரோவுக்குப் போகலாம்.

1950-இல் திருவண்ணாமலையில்

இவ்வளவு வகைகளைச் சொன்னபின், ஒரே லென்ஸால் என்ன சாதிக்க முடியும் என்று எண்ணுபவர்க்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். வேலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த வட ஆற்காடு ஜில்லாவின் ஒரு பகுதியாகவே திருவண்ணாமலை அன்று இருந்தது. 1989-இல்தான் தனி மாவட்டமாயிற்று. அங்கே ரமண மகரிஷி 1950 ஏப்ரல் 14 அன்று முக்தியடைந்தபோது, பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்டியர்-பிரெஸ்ஸன் அந்த ஊரில் இருந்தார்; மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தவர்களில் அவர் ஒருவர். 1932 முதல் அவர் கையிலிருந்தது லைகா என்னும் சிறிய கேமரா. வாழ்நாள் முழுவதும் பெரும்பாலும் அவர் அதில் மாட்டியது 50 மி.மீ. லென்ஸ் ஒன்றே. ஸூம் வளையத்தைத் திருப்பும் வேலையை அவர் கால்கள் செய்தன. ஒரே குவியத் தூரத்தில் நெடுங்காலம் பழகியவருக்கு, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகு முன்பே எங்கே நின்றால் எது அடங்கும் என்பது சரீரத்திலேயே பதிந்துவிடுகிறது. மாறாத குவியத் தூரமுள்ள ‘ப்ரைம்’ லென்ஸ் புதியவருக்கு அளிக்கும் பெரிய லாபம், பின்னணி மங்கும் அழகைக் காட்டிலும், இந்தப் பயிற்சியே.

வாங்குமுன், வாங்கியபின்

எந்த நிறுவனத்தின் கேமராவோ அதன் லென்ஸ் மாட்டும் வாய்க்கு, அதாவது மவுண்டுக்கு, பொருந்தும் லென்ஸ்தான் வாங்க முடியும். நிக்கான் 1959-இல் தொடங்கிய எஃப் வாயும், கேனான் 1987-இல் தொடங்கிய ஈ.எஃப். வாயும் நீண்ட காலம் நிலைத்தவை. 2018-இல் இரு நிறுவனங்களும் கண்ணாடியில்லாத கேமராக்களுக்கென்று முறையே இஸட், ஆர்.எஃப். என்ற புதிய வாய்களைக் கொண்டுவந்தன. பழைய லென்ஸ்களை அடாப்டர் வைத்துப் புதியவற்றில் மாட்டலாம். புதிய லென்ஸைப் பழைய கேமராவில் மாட்ட இயலாது. பழையது வாங்குவோர்க்கு மற்றோர் எச்சரிக்கை: நிக்கானின் டி 3000, டி 5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, ஆகவே லென்ஸில் மோட்டார் உள்ள ஏ.எஃப்.-எஸ். வகையைக் கேட்டு வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய ஏ.எஃப்.-டி வகையை வாங்கிவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் கையால்தான் திருகிக்கொண்டிருக்க வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்னாலிருந்து பார்த்தால், சிலந்தி வலைபோன்ற பூஞ்சை இருந்தால் தெரிந்துவிடும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டியே நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்ஸைப் பீரோவில் பூட்டாமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பதே க்ஷேமம். நம் ஊரின் பெருமையான தோல் உறை லென்ஸுக்கு நல்ல வீடன்று என்பதையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதுவே சுகம். தோலின் முகத்தை உராய்ந்து சீராக்கும் பஃபிங் நடக்கும் பகுதியில் பறக்கும் தோல் தூசு மாவைவிட நுண்ணியது. அங்கே லென்ஸைக் கழற்றி மாற்றுவது, சென்சாரைத் தூசுக்குத் தானம் செய்வதாகும். எந்த லென்ஸ் வேண்டுமோ அதை வெளியிலேயே மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

முடிவாக

சாம்பிள் அறைக்காரர் முக்காலி வாங்கட்டும். கல்யாண வீடுகளுக்குப் போகிறவர், சிறிய சென்சாரானால் 35 எஃப் 1.8, ஃபிலிம் அளவுள்ள பெரிய சென்சாரானால் 50 எஃப் 1.8 வாங்கட்டும். மலைக்குப் போகிறவர் 55 முதல் 250 வரையிலோ, 70 முதல் 300 வரையிலோ நீளும் ஸூம் ஒன்றை வாங்கி, அதன் மங்கலான துவாரத்துக்கு ஈடாகக் காலை வெயிலில் படமெடுக்கட்டும். தோல்காரர் ட்யூபிலிருந்து தொடங்கட்டும். எதிலும் நிச்சயம் ஏற்படாதவர் இரண்டு மூன்று மாதம் ஒன்றுமே வாங்காமல், தாம் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கட்டும். ஒவ்வொரு படமும் எந்தக் குவியத் தூரத்தில் எடுக்கப்பட்டது என்பது அதனுள்ளேயே பதிந்திருக்கும். தம்மை அறியாமல் அவர் அடிக்கடி நிற்கும் தூரம் எதுவென்று அந்தப் பட்டியல் சொல்லிவிடும்.

தமக்கு வேண்டிய தூரத்தை அறிந்தபின் வாங்கிய லென்ஸ், விலை குறைந்ததாயினும் பல்லாண்டு உழைக்கும். அதை அறியுமுன் வாங்கியது எவ்வளவு உயர்ந்ததாயினும் சில மாதங்களில் விற்பனைக்கு வந்துவிடும். செகண்ட் ஹேண்ட் கடைகளின் அலமாரிகளைப் பெரும்பாலும் நிரப்பி வைப்பவர்கள் இந்த அவசரக்காரர்களே. நிதானமாக யோசித்தவர் தமக்கு வேண்டியதைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய இடமும் அதுவே.